வேர்ட் கோப்பின் பண்புகளில் வேறொருவர் பெயர், நான்கு நிமிடத் திருத்த நேரம்: இதை எப்படிப் படிப்பது?

#1 கரும்பலகை

வணக்கம். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை வேர்ட் கோப்பாக அனுப்புகிறார்கள். அப்படி வந்த ஒரு கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு, பண்புகள் சாளரத்தில் விவரங்கள் பகுதியைத் திறந்தேன். அதில் இருந்தவை இவை:

ஆசிரியர்: எனக்குத் தெரியாத ஒரு பெயர்.
கடைசியாகச் சேமித்தவர்: மாணவியின் பெயர்.
திருத்த எண்: 2.
மொத்தத் திருத்த நேரம்: 4 நிமிடம்.

கட்டுரையோ 18 பக்கம். இது போதாதென்று, பொது என்ற பகுதியில் பார்த்தால் கோப்பை உருவாக்கிய தேதி, மாற்றிய தேதிக்கு இரண்டு நாள் பிந்தியிருக்கிறது. பிறப்பதற்கு முன்பே ஒரு கோப்பு எப்படித் திருத்தப்பட்டிருக்கும்?

"இது யாரோ எழுதிக் கொடுத்தது, சந்தேகமே வேண்டாம்" என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். எனக்கு அவ்வளவு எளிதாக மனம் வரவில்லை. ஒரு மாணவியின் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அவரை அழைத்துப் பேசுவதற்கு முன், இந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிரல்வாசி

முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அதில் மர்மம் எதுவும் இல்லை.

ஒரு கோப்புக்கு இரண்டு வகைத் தேதிகள் உண்டு. ஒன்று, விண்டோஸ் தன் கோப்பு முறைமையில் எழுதிவைப்பது. பொது என்ற பகுதியில் நீங்கள் பார்த்தது அதுதான். மற்றொன்று, வேர்ட் செயலி கோப்புக்கு உள்ளேயே எழுதிவைப்பது. விவரங்கள் பகுதியில் 'உள்ளடக்கம் உருவான தேதி', 'கடைசியாகச் சேமித்த தேதி' என்று வருபவை இந்த இரண்டாம் வகை.

ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்தால், அந்த நகல் உங்கள் வட்டில் உருவான நேரத்தைத்தான் விண்டோஸ் 'உருவாக்கிய தேதி' என்று பதிகிறது. 'மாற்றிய தேதி'யை மட்டும் பழைய கோப்பிலிருந்து அப்படியே கொண்டுவருகிறது. ஆகவே மாணவி முடித்துச் சேமித்த இரண்டு நாள் கழித்து அது உங்கள் கணினிக்கு நகலாக வந்திருக்கிறது, அவ்வளவே. பென் டிரைவில் வந்ததா, ஜிப் கோப்பிலிருந்து பிரித்தெடுத்தீர்களா?

'கடைசியாக அணுகிய தேதி'யைப் பார்க்கவே பார்க்காதீர்கள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் அதை இயல்பாகப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டது. பிறகு வந்த சில பதிப்புகளில் அமைப்பு வேறாக இருக்கிறது. உங்கள் கணினியில் எது நடப்பில் உள்ளது என்று தெரியாமல் அந்தத் தேதியை வைத்து எதுவும் பேச முடியாது.

#3 கரும்பலகை

ஆம், பென் டிரைவில்தான் வந்தது. நன்றி, அந்தப் பாரம் இறங்கியது. பெயரும் நான்கு நிமிடமும் இன்னும் உறுத்துகின்றன.

#4 ஏட்டுச்சுவடி

நான் ஆவணக் காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். மெட்டாடேட்டா, அதாவது கோப்பைப் பற்றிக் கோப்போடு சேர்ந்து வரும் விவரங்கள், எங்களுக்கு அன்றாடச் சோறு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 'ஆசிரியர்' என்ற புலம் இந்தக் கட்டுரையை எழுதியவர் யார் என்று சொல்வதில்லை. இந்தக் கோப்பு முதன்முதலில் எந்த வேர்டில் உருவாக்கப்பட்டதோ, அந்த வேர்டில் பயனர் பெயராக என்ன இருந்ததோ, அதைத்தான் சொல்கிறது. கணினி அண்ணனுடையதாக இருக்கலாம். பழைய கணினியை வாங்கிப் பெயரை மாற்றாமல் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது இது: சென்ற ஆண்டு ஒருவர் ஒப்படைத்த கட்டுரையைத் திறந்து, முகப்புப் பக்கமும் ஓர அளவுகளும் எழுத்துருவும் சரியாக இருக்கிறதே என்று, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தன் கட்டுரையை அதில் எழுதுவார்கள். கோப்பின் முதல் ஆசிரியர் பெயர் அசையாமல் அங்கேயே இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது திருத்த நேரம். கோப்பு திறந்திருந்த நேரத்தை வேர்ட் நிமிடக் கணக்கில் கூட்டிக்கொண்டே போகிறது. விசைகளைத் தட்டிய நேரத்தை அல்ல. திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் அது ஏறக்கூடும். சேமிக்காமல் மூடினால் அந்த அமர்வின் நேரம் பதிவே ஆகாது. வேறு பெயரில் சேமித்தால் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். வேறொரு செயலியில் மாதக்கணக்கில் எழுதியதை ஒரு புதிய வேர்ட் கோப்பில் ஒட்டி, தலைப்புகளைச் சரிசெய்து சேமித்தால் என்ன வரும்? நான்கு நிமிடமும் திருத்த எண் 2-உம் வரும்.

திருத்த எண்ணும் அப்படித்தான். எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்பதன் எண்ணிக்கை அது. எவ்வளவு மாற்றினார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

#5 தடயம்

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் மெட்டாடேட்டாவால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்துக்கு யாரும் போய்விட வேண்டாம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் முப்பது ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்த தொடர் கொலையாளி டெனிஸ் ரேடர் 2005-இல் சிக்கியது எதனால்? அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பிய ஃப்ளாப்பி வட்டில், அழிக்கப்பட்ட ஒரு வேர்ட் கோப்பு இருந்தது. அதன் பண்புகளில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டெனிஸ்' என்ற பெயரும் இருந்தன. அந்தத் தேவாலயத்தை இணையத்தில் தேடியதும் அதன் சபைத் தலைவர் டெனிஸ் ரேடர் என்று தெரிந்தது. இரண்டே பெயர்கள், முப்பது ஆண்டு வழக்கைத் திறந்துவிட்டன.

ஆகவே 18 பக்கம், நான்கு நிமிடம், வேறொருவர் பெயர் என்று மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து.

#6 ஏட்டுச்சுவடி

தடயம், நீங்கள் சொன்ன வழக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது என் பக்கம்தான் பேசுகிறது. கோப்பில் பெயர் கிடைத்தவுடன் காவல்துறை போய்க் கைது செய்யவில்லை. அவனுடைய மகளின் மருத்துவ மாதிரி ஒன்றை நீதிமன்ற அனுமதியுடன் பெற்று, குற்றம் நடந்த இடங்களில் கிடைத்திருந்த டிஎன்ஏவுடன் ஒப்பிட்டு, உறவு உறுதியான பிறகே கைது செய்தார்கள். கோப்பின் பண்புகள் எங்கே தேட வேண்டும் என்று காட்டின. யார் குற்றவாளி என்று நிறுவியது டிஎன்ஏ.

தேடலைத் தொடங்கும் இடத்திலேயே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஒரு கொலை வழக்கிலேயே அவ்வளவு நிதானம் காட்டினார்கள். ஒரு மாணவியின் விஷயத்தில் அதைவிடக் குறைந்த நிதானம் போதுமா?

மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன என்கிறீர்கள். அவை மூன்று தனித்தனிச் சாட்சிகள் அல்ல. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, எழுதி வைத்ததை அதில் ஒட்டினால், அந்த ஒரே செயல் மூன்றையும் ஒருசேர உண்டாக்கிவிடும்.

#7 கரும்பலகை

மிகவும் பயனுள்ள விவாதம். ஒரு தொழில்நுட்பக் கேள்வி. இப்போதைய வேர்ட் கோப்பு வடிவமான டாக்எக்ஸ் என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் என்று படித்தேன். நகல் ஒன்றின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டுகிறது! யாராவது தேதியைத் திட்டமிட்டு மாற்றியிருக்கிறார்களா?

#8 நிரல்வாசி

யாரும் மாற்றவில்லை. ஜிப் வடிவம், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் முறையில் தேதியைப் பதிகிறது. அதன் காலக்கணக்கு 1980-இல்தான் தொடங்குகிறது. வேர்ட் தன் உள் கோப்புகளுக்கு உண்மையான நேரத்தை எழுத மெனக்கெடுவதில்லை, தொடக்க நாளையே போட்டுவிடுகிறது. வேர்ட் நேரடியாகச் சேமித்த டாக்எக்ஸ் கோப்பில் 1980 இருப்பது இயல்பு. சொல்லப்போனால், அங்கே உண்மையான தேதிகள் இருந்தால்தான் இந்தக் கோப்பை வேறு ஏதோ செயலி உண்டாக்கியிருக்கிறது அல்லது யாரோ பிரித்து மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

திறந்துவிட்டீர்கள் என்பதால் உள்ளே எதைப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். டாக்ப்ராப்ஸ் என்ற கோப்புறையில் கோர் என்றும் ஆப் என்றும் இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள், அதாவது குறிகளோடு எழுதிய வெறும் எழுத்துக் கோப்புகள், இருக்கும். நோட்பேடிலேயே திறக்கலாம்.

கோர் கோப்பில் ஆசிரியர், கடைசியாகத் திருத்தியவர், திருத்த எண், உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம், அச்சிட்டிருந்தால் கடைசியாக அச்சிட்ட நேரம் ஆகியவை இருக்கும். நேரங்களின் முடிவில் இசட் என்ற எழுத்து இருப்பதைப் பாருங்கள். அது உலகப் பொது நேரம் என்பதன் குறி. வேர்ட் திரையில் காட்டுவது உங்கள் உள்ளூர் நேரம். இரண்டுக்கும் இடையே சில மணி நேர வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம்.

ஆப் கோப்பில் எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்த வார்ப்புரு, எத்தனை பக்கம், எத்தனை சொல், மொத்தத் திருத்த நேரம் எத்தனை நிமிடம், நிறுவனத்தின் பெயர் என்ன என்பவை இருக்கும். 'நிறுவனம்' என்ற புலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்து வந்த கோப்பு என்றால் அங்கே அது எழுதியிருக்கக்கூடும்.

இவை எல்லாம் வெறும் எழுத்துகள் என்பதையும் கவனியுங்கள். எண்ணை மாற்றிச் சேமித்து மறுபடி ஜிப்பாகக் கட்டினால் வேர்ட் மறுபேச்சில்லாமல் அதை நம்பும். நான்கு நிமிடத்தை நாற்பது மணி நேரமாக மாற்ற அரை நிமிடம் போதும். ஏமாற்ற நினைப்பவருக்கு அது தெரியும். நேர்மையாக எழுதிய மாணவிக்குத்தான் அப்படி ஒரு புலம் இருப்பதே தெரியாது.

#9 தடயம்

ஏட்டுச்சுவடி சொன்ன 'ஒரே செயல்' வாதம் நியாயமானது. நல்ல சான்று தேடுகிறவர்கள் கோப்பின் உள்ளே இன்னும் ஓர் இடத்தைப் பார்க்கலாம் என்று மட்டும் சேர்க்கிறேன். வேர்ட் கோப்புறையில் உள்ள செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் ஆர்எஸ்ஐடி என்ற எண்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு சேமிப்புக்கும் இடைப்பட்ட திருத்த அமர்வுக்கு வேர்ட் ஓர் எண்ணைச் சூட்டுகிறது. அந்த அமர்வில் தட்டிய வரிகளுக்கும் அதே எண் ஒட்டிக்கொள்ளும். பல எண்கள் ஒரு பத்திக்குள் கலந்து கிடந்தால், அந்தப் பத்தியை இந்தக் கோப்பிலேயே திரும்பத் திரும்ப உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

#10 நிரல்வாசி

கொள்ளலாம், ஆனால் அதன் மறுதலையைக் கொள்ளக் கூடாது. ஒரே எண் மட்டும் இருந்தால் ஒரே அமர்வில் இந்தக் கோப்புக்குள் வந்தது என்று பொருள். எங்கிருந்து வந்தது, யார் எழுதியது என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. அது தற்செயலாகத் தேர்ந்த எண். அதில் பெயரும் இல்லை, நேரமும் இல்லை. வேர்டின் நம்பகத்தன்மை அமைப்புகளில் அதை நிறுத்தி வைக்கவும் முடியும்.

#11 ஏட்டுச்சுவடி

கரும்பலகை ஐயா, உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமான ஒரு வரலாற்று நிகழ்வு உண்டு. 2003 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு ஈராக் பற்றி ஓர் அறிக்கையை வேர்ட் கோப்பாக இணையத்தில் வெளியிட்டது. அதன் பெரும்பகுதி ஓர் ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பின்னர் அம்பலமானது. அந்தக் காலத்து டாக் வடிவம், கடைசிப் பத்துச் சேமிப்புகளை யார் செய்தார், எந்தப் பாதையில் சேமித்தார் என்ற விவரத்தைக் கோப்புக்குள்ளேயே மறைவாக வைத்திருந்தது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற கணினி வல்லுநர் அதைப் பிரித்துப் படித்து, அறிக்கை யார் யார் கை வழியாகப் போனது என்று வெளியிட்டார்.

ஆனால் அது எடுத்தாண்ட எழுத்து என்பதைக் கண்டுபிடித்தது அந்தப் பதிவேடு அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் க்ளென் ரங்வாலா இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் படித்துக் கண்டுபிடித்தார். மூலக் கட்டுரையில் இருந்த பிழைகள் கூட அறிக்கையில் அப்படியே இருந்தன. எழுத்து யாருடையது என்ற கேள்விக்கு எழுத்துதான் பதில் சொல்லும். கட்டுரையைப் படியுங்கள், மாணவியின் முந்தைய எழுத்தோடு ஒப்பிடுங்கள், அவரிடம் கட்டுரையைப் பற்றிக் கேள்வி கேளுங்கள்.

#12 வெள்ளைத்தாள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது பயம் வந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்க நான் பயன்படுத்தும் கோப்பு, நண்பர் ஒருவருடையதைத் திருத்திச் செய்தது. பிடிஎஃப் ஆக மாற்றித்தான் அனுப்புகிறேன். அதிலும் இவை எல்லாம் தெரியுமா? எப்படி நீக்குவது?

#13 பிழைதிருத்தி

தெரியும். பதிப்பகத்துக்கு வரும் பிடிஎஃப் கோப்புகளில் தினமும் பார்க்கிறேன். அடோபி ரீடரில் கன்ட்ரோல் விசையுடன் டி அழுத்தினால் பண்புகள் வந்துவிடும்: தலைப்பு, ஆசிரியர், குறிச்சொற்கள், எந்தச் செயலியில் எழுதியது, எந்தச் செயலி பிடிஎஃப் ஆக்கியது, தேதிகள். இவற்றில் ஆளைக் காட்டிக் கொடுப்பதில் முதலிடம் தலைப்புக்கு. உலாவியில் திறந்தால் தாவலின் மேல் கோப்பின் பெயருக்குப் பதிலாக இந்தத் தலைப்புத்தான் தெரியும் என்பதால், நண்பருடைய பழைய கோப்பில் அவர் பெயரோடு தலைப்பு இருந்தால், உங்கள் விண்ணப்பத்தைத் திறப்பவர் முதலில் படிப்பது அவர் பெயராக இருக்கும்!

பிடிஎஃப் ஆக்கும் முன்பே வேர்டில் சுத்தம் செய்வதுதான் நல்ல வழி. கோப்பு மெனுவில் தகவல் என்ற பக்கத்துக்குப் போய், சிக்கல்களைச் சரிபார் என்பதன் கீழ் ஆவணத்தை ஆய்வுசெய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆவணப் பண்புகள், கருத்துரைகள், தடமிட்ட திருத்தங்கள், மறைந்த எழுத்துகள் என்று எவையெல்லாம் இருக்கின்றன என்று அது காட்டும்; வேண்டியதை மட்டும் நீக்கலாம். நீக்கியவை மீட்க முடியாமல் போகலாம் என்பதால் நகலில் செய்யுங்கள். விண்டோஸின் விவரங்கள் பகுதியின் அடியிலும் பண்புகளையும் சொந்தத் தகவல்களையும் நீக்க ஓர் இணைப்பு உண்டு. அதில் முதல் தெரிவு, நீக்க முடிந்தவற்றை நீக்கிய புது நகல் ஒன்றைத் தரும்.

பிடிஎஃப் ஆன பிறகு நீக்குவது கொஞ்சம் வில்லங்கம். அங்கே மெட்டாடேட்டா இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. ஒன்று பழைய தகவல் அகராதி. மற்றொன்று எக்ஸ்எம்பி என்ற எக்ஸ்எம்எல் பொதி, அடோபி 2001-இல் கொண்டுவந்தது. ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவிட்டால் இரண்டும் இரு வேறு கதை சொல்லும். பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இரண்டையும் காட்டும், மாற்றவும் செய்யும். ஆனால் பிடிஎஃப் கோப்பில் அது செய்யும் மாற்றம் கோப்பின் முடிவில் புதிதாகச் சேர்க்கப்படுகிறது. பழையது உள்ளே அப்படியே இருக்கும், திரும்ப எடுத்துவிடலாம். இதை அந்தக் கருவியின் கையேடே எச்சரிக்கிறது. க்யூபிடிஎஃப் போன்ற கருவியால் கோப்பை முழுதாக மறுபடி எழுதினால்தான் பழையது போகும்.

இன்னொன்று, படங்கள். வேர்டில் ஒரு படத்தை வெட்டிச் சிறிதாக்கினால் வெட்டிய பகுதி போய்விட்டது என்று நினைக்கிறோம். படங்களைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதிகளை நீக்கும்படி சொல்லாதவரை முழுப் படமும் உள்ளே மீடியா கோப்புறையில் இருக்கும். அடையாள அட்டையின் படத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

#14 ஏட்டுச்சுவடி

நல்ல விளக்கம். ஒரு வேண்டுகோள்: வெளியே அனுப்பும் நகலில் மட்டும் நீக்குங்கள். மூலக் கோப்பில் நீக்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி சரியானது' என்று மூன்று கோப்புகள் கையில் இருக்கும்போது எது முந்தியது என்று சொல்ல, உள்ளே இருக்கும் அந்தத் தேதிகளைத் தவிர வேறு நாதி இருக்காது. காப்பகத்துக்கு வரும் பழைய வட்டுகளில், ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் துடைத்து அனுப்பிய கோப்புகளைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

வேர்டுக்குப் பதிலாக லிப்ரேஆபீஸ் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அதன் ஓடிடி கோப்பும் ஜிப்தான். மெட்டா எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் விவரங்கள் இருக்கும். ஆனால் 'க்ரியேட்டர்' என்ற ஒரே புலப் பெயர் இரண்டு வடிவங்களிலும் இரண்டு ஆளைக் குறிக்கிறது. டாக்எக்ஸில் அது முதலில் உருவாக்கியவர். ஓடிடியில் அது கடைசியாகத் திருத்தியவர். முதலில் உருவாக்கியவருக்குத் தனிப் புலம் உண்டு. கோப்பை நேரடியாகத் திறந்து படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுந்தால் ஆள் மாறிவிடும்.

நிறையக் கோப்புகளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால், விண்டோஸ் கோப்புறையை விவரக் காட்சிக்கு மாற்றி, நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது சொடுக்குப் போடுங்கள். மேலும் என்பதில் ஆசிரியர்கள், கடைசியாகச் சேமித்தவர், மொத்தத் திருத்த நேரம் என நூற்றுக்கணக்கான பண்புகள் இருக்கின்றன. வேண்டியதை நெடுவரிசையாகச் சேர்த்து வரிசைப்படுத்தலாம்.

#15 கரும்பலகை

அந்த விவரக் காட்சியை வகுப்பு முழுவதன் கோப்புகளுக்கும் போட்டுப் பார்த்தேன். அதே அந்நியப் பெயர் இன்னும் பல கட்டுரைகளில் ஆசிரியராக நிற்கிறது! துறையில் கொடுத்த மாதிரிக் கோப்பைத் திறந்தால், அதன் ஆசிரியரும் அவரே.

மாணவியிடம் பேசினேன். கோப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, கட்டுரையைப் பற்றி மட்டும் கேட்டேன். மூன்றாம் இயலில் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டதற்கு, கட்டுரையில் இல்லாத இரண்டு காரணங்களையும் சேர்த்துச் சொன்னார். கூகுள் டாக்ஸில் எழுதி, கடைசியில் மாதிரிக் கோப்பில் ஒட்டியதாக அவரே பேச்சுவாக்கில் சொன்னார். பதிப்பு வரலாற்றைக் காட்டுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். உடன் பணிபுரியும் ஆசிரியரிடமும் இந்த இழையைக் காட்டிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இனி ஒரு கோப்பில் உண்மையிலேயே சிக்கல் வந்து, விசாரணைக் குழு பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டால், நான் திறந்து பார்ப்பதாலேயே அதன் விவரங்கள் மாறாமல் எப்படிப் பாதுகாப்பது?

#16 தடயம்

வந்த கோப்பைத் திறக்காதீர்கள். முதலில் நகல் எடுத்து, நகலை மட்டும் திறங்கள். மூலத்துக்குப் படிக்க மட்டும் என்ற பண்பைப் போடுங்கள். வந்தவுடன் அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டுத் தேதியோடு குறித்துவைத்தால், பிறகு ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு உள்ளடக்கத்துக்கு மட்டுமே காவல். கோப்பு முறைமையின் தேதிகளை அது காக்காது, அவற்றைத் தனியே திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவையுங்கள்.

#17 நிரல்வாசி

கூடவே, பென் டிரைவைவிட மின்னஞ்சலில் வாங்குங்கள். எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறைமையில் அமைத்த பென் டிரைவில் மாற்றிய நேரம் இரண்டு விநாடிக்கு ஒரு படியாகத்தான் பதிவாகும், அதுவும் நேர மண்டலக் குறிப்பு இல்லாமல். மின்னஞ்சலில் வந்தால், எந்த நாளில் எந்த நேரத்தில் வந்தது என்பது மாணவரின் கணினியிலும் உங்கள் கணினியிலும் அல்லாமல் மூன்றாவது ஓர் இடத்தில், அஞ்சல் வழங்கியில் பதிவாகிவிடும். அந்த அஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.